தென் சென்னையில் நான்கு நாட்கள்

சென்னைப் பட்டணத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களிடையே ஓர் அபிப்பிராயம் பரவியிருக்கிறது. மதுரைக்கு மீனாட்சியம்மை உண்டு. தஞ்சைக்குப் பெரிய கோவில் உண்டு. காஞ்சிக்குப் பட்டும் உண்டு, பல்லவர்களும் உண்டு. சென்னைக்கு என்ன உண்டு? 1639-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியின் உத்தியோகஸ்தர் ஒருவர் கடற்கரையில் கொஞ்சம் மணல் நிலம் கேட்டு வாங்கினார். அதில் ஒரு கோட்டை எழுந்தது. கோட்டையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. ஆகையால் சென்னை வெள்ளைக்காரர் உண்டாக்கிய ஊர். அங்கே கடற்காற்று வாங்குவதைத் தவிரப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதே அந்த அபிப்பிராயம்.

இது பாதி உண்மைதான். மற்றப் பாதியை அறிய விரும்புகிறவர்கள் சென்ட்ரலிலோ எழும்பூரிலோ ரயிலை விட்டு இறங்கியதும் தெற்கு நோக்கித் திரும்ப வேண்டும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று பகுதிகளையும் மார்கழி மாதத்தில் நான்கு நாள் தங்கிச் சுற்றிப் பார்த்தோம். பத்திரிகை வழக்கப்படி 'நாம்' என்று எழுதுகிறோமே தவிர, போனது என்னவோ ஒருவர்தான். தனியாகப் போவதில் ஒரு சௌகரியம் உண்டு. நிற்க வேண்டும் என்று தோன்றிய இடத்தில் நிற்கலாம், நடக்க வேண்டும் என்று தோன்றினால் நடக்கலாம், "இங்கே என்ன இருக்கிறது? வாருங்கள் போகலாம்" என்று கையைப் பிடித்து இழுக்க ஆள் கிடையாது.

மயிலையும் கடலும்

முதல் நாள் பொழுது புலரும் வேளையில் மயிலாப்பூர் மாட வீதிகளை அடைந்தோம். வாசல்களில் மாக்கோலம் இன்னும் ஈரம் உலராமல் இருந்தது. பூக்காரிகள் முழம் போட்டுப் பூ அளந்து கொண்டிருந்தார்கள். கிழக்குக் கோபுரம் சுமார் 120 அடி உயரம் நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் கபாலீசுவரர் எழுந்தருளியிருப்பது மேற்கு நோக்கி. அந்தப் பக்கத்தில் அகன்ற தெப்பக்குளம் இருக்கிறது. காலை வெயில் கோபுரத்தின் உச்சியில் விழும்போது குளத்தின் மேற்குக் கரையில் நின்று பார்ப்பதே சிறந்த தரிசனம்.

கி.பி. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இங்கே வந்து, பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையை உயிர்ப்பித்த கதையை நேயர்கள் அறிவார்கள். அவளை விளித்து அவர் பாடிய பதிகத்தில் மயிலையின் மாதாந்தர விழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லுகிறார். மாசி மாதத்தில் கடலாடும் விழாவும் அவற்றில் ஒன்று. கம்பெனியார் கோட்டைக்கு அடித்தளம் போடுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மயிலை, திருவிழாக்கள் நிறைந்த கடற்கரைப் பட்டினமாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி என்ன வேண்டும்?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பழைய பாடல்களைப் பார்த்தால் கோவில் கடலின் அருகிலேயே இருந்ததாகத் தோன்றுகிறது. இப்போதைய கோவிலோ கடலிலிருந்து முக்கால் மைல் தள்ளி நிற்கிறது. பழைய ஆலயம் சாந்தோம் கரையில் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அங்கே குடியேறிய பிறகு அது மறைந்தது. இப்போதைய ஆலயத்தைச் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்னர் நம்மவர் மறுபடியும் எழுப்பினார்கள் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். சாந்தோம் பகுதியில் கிடைத்த பழங்கோவில் கல்வெட்டுத் துண்டுகள் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்றன.

இதைக் கேட்டதும் சிலருக்குக் கோபம் வரலாம். அப்படிப்பட்டவர்கள் தெப்பக்குளத்தின் கதையையும் கேட்க வேண்டும். அந்தக் குளத்துக்கு நிலம் கொடுத்தவர் ஆர்க்காட்டு நவாப் என்றும், அதனால் மொஹரம் சமயத்தில் முஸ்லிம்களுக்கு அங்கே உரிமை உண்டு என்றும் ஊரில் வழங்கி வருகிறார்கள். கோவில் குளத்தில் மொஹரம்! இடித்தவர்களை மட்டும் நினைவில் வைத்துக் கொண்டு, கொடுத்தவர்களை மறந்து விடுவது தர்மமாகாது.

பிறகு கிழக்கே நடந்து சாந்தோம் மாதா கோவிலை அடைந்தோம். ஏசுநாதரின் சீடரான தோமையர் அடக்கமான இடம் என்று கிறிஸ்தவ உலகம் போற்றும் ஸ்தலம் இது. வானளாவும் வெள்ளைக் கூம்புடன் இப்போது நிற்கும் கட்டிடம் 1896-ல் எழுந்தது. அதற்குப் பின்னால் மணலில் இறங்கினால் மீனவர் குப்பங்கள் வந்து விடுகின்றன. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப் பேரலை வந்து மோதிய கரை இது. அலை வடிந்ததும் மறுபடியும் அதே கடலுக்குப் படகைத் தள்ளிச் சென்றவர்களின் ஊர். வலையில் சிக்கிய பொடி மீன்களை எடுத்துக் கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி நம்மை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த ஊருப்பா நீ? ஒண்டியாவா வந்துக்கினே?" என்றாள்.

கடலைப் பார்க்க வந்ததாகச் சொன்னோம்.

"கடல் எங்கியும் பூடாது. மொதல்ல போய்த் துன்னுட்டு வா" என்றாள்.

அந்த அம்மாளின் உத்தரவை மீறக் கூடாது என்று மாட வீதிக்குத் திரும்பி இட்லியும் காப்பியும் சாப்பிட்டோம். புதிதாக வந்தவனின் முகத்தைப் பார்த்துப் பசியைக் கண்டுபிடிக்கிற ஊரை நெஞ்சில் ஈரமில்லாத பட்டணம் என்று எப்படிச் சொல்வது?

லஸ்ஸிலிருந்து கதீட்ரல் சாலை வரை

இரண்டாம் நாள் மயிலாப்பூரின் மேற்குப் பகுதியைப் பார்க்கப் புறப்பட்டோம். லஸ் முனைக்கு அருகே 'காட்டுக்கோயில்' என்று ஜனங்கள் சொல்லும் மாதா கோவில் ஒன்று இருக்கிறது. 1516 என்ற ஆண்டைத் தாங்கியிருக்கும் பழைய கோவில் அது. 'லஸ்' என்ற சொல்லுக்குப் போர்ச்சுகீசிய பாஷையில் ஒளி என்று பொருள். சுற்றிலும் காடு இருந்த காலத்தில் வைத்த பெயர் காட்டுக்கோயில். இன்று அங்கே காடாக இருப்பவை மோட்டார் வண்டிகள்தான்.

லஸ் சர்ச் சாலையில் நடக்கும்போது நம் சுதந்திரப் போரின் பழைய ஏடுகளைப் புரட்டுவது போல் இருக்கிறது. 1926-ல் கௌஹாத்தி காங்கிரஸுக்குத் தலைமை வகித்த ஸ்ரீ எஸ். சீனிவாச அய்யங்காரின் 'அம்ஜத் பாக்' மாளிகை இந்தச் சாலையில்தான் இருந்தது. காந்தியடிகள் அங்கே தங்கியதுண்டு. சற்றுத் தூரத்தில் நாகேசுவர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சனத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவரும், 'ஆந்திர பத்திரிகா'வை நடத்தியவரும், 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவருமான காசிநாதுனி நாகேசுவர ராவின் பெயர் கொண்டது. தலைவலித் தைலம் விற்றுச் சம்பாதித்த பணத்தைக் கொண்டு சர்க்காருக்குத் தலைவலி கொடுத்த மகான் அவர்! அதே சத்தியாக்கிரகத்தில் சென்னையில் முன் நின்று சிறை புகுந்த துர்காபாய் அம்மையார் பின்னர் ஆந்திர மகிள சபையைத் தோற்றுவித்ததும் இந்த மயிலாப்பூர்ப் பகுதியில்தான்.

லஸ்ஸிலிருந்து வடமேற்கே நடந்தால் கதீட்ரல் சாலை. அங்கே ஒரு பெரிய ஹோட்டல் இருக்கிறது. உள்ளே போகிறவர்களும் வருகிறவர்களும் அவசரமாகவே இருக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தின் முன்பு ஒரு நிமிஷமாவது நிற்காமல் போகக் கூடாது. 1919-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கே 'திலகர் பவனம்' என்ற வீட்டில் ராஜாஜி குடியிருந்தார். அவர் வீட்டு விருந்தினராகக் காந்திஜி தங்கியிருந்தார். ரௌலட் மசோதா சட்டமாகிவிட்டது என்ற செய்தி வந்தது. அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக் கொண்டே காந்திஜி உறங்கினார். விடிவதற்கு முன், உறக்கமும் விழிப்பும் கலந்த நிலையில் ஒரு யோசனை பிறந்தது. தேசம் முழுவதும் ஒரு நாள் வேலையை நிறுத்தி, உபவாசம் இருந்து, பிரார்த்தனை செய்ய வேண்டும் என்பதே அது. காலையில் அதை ராஜாஜியிடம் கனவு போல் வந்ததாகச் சொன்னார் என்று காந்திஜியே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஏப்ரல் 6-ஆம் தேதி இந்தியா முழுவதும் ஹர்த்தால் நடந்தது. இமயத்திலிருந்து குமரி வரையில் ஒரே நாளில் ஒரே காரியம் செய்ய முடியும் என்று இந்திய ஜனங்கள் அன்றுதான் கண்டு கொண்டார்கள். அந்த எண்ணத்துக்குப் பிறந்த ஊர் தென் சென்னை.

மாலையில் அதே சாலையின் கிழக்குக் கோடிக்கு அருகில் உள்ள சங்கீத வித்வத் சபைக்குப் போனோம். இதற்கும் தேசத் தொடர்பு உண்டு. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடி, பூரண சுதந்திரமே நம் லட்சியம் என்று தீர்மானித்தது. அச்சமயம் அதையொட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாகத்தான் 1928-ல் சபை தோன்றியது. மார்கழிக் கச்சேரிகளைக் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் இதை அறிவார்களா என்று தெரியாது. சிற்றுண்டிச் சாலையில் அன்று என்ன பலகாரம் என்பதை மட்டும் எல்லாரும் அறிந்திருக்கிறார்கள். அதையும் குறையாகச் சொல்லவில்லை. அடையும் அவியலும் அப்படி இருந்தன.

ஏரி இருந்த இடம்

மூன்றாம் நாள் தியாகராய நகர். பனகல் பூங்காவைச் சுற்றிப் பட்டுக் கடைகள். 1928-ல் காஞ்சிபுரத்து நல்லி சின்னசாமிச் செட்டியார் தொடங்கிய கடை இன்று எட்டுத் திக்கிலும் பெயர் பெற்றிருக்கிறது. ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தால் நடக்க வேண்டிய சிரமமே இல்லை. பின்னால் வருகிறவர்கள் தள்ளித் தள்ளி மறுகோடியில் கொண்டு சேர்த்து விடுகிறார்கள். தனியாக வந்தவன் தனியாக இல்லை என்பதை உணர விரும்பினால் இந்தத் தெருவுக்குப் போவதே உத்தமம்.

இந்நகரின் தெருப் பெயர்களைப் படிப்பது ஒரு சுவையான வேலை. சர் பிட்டி தியாகராயச் செட்டியார், பனகல் ராஜா, டாக்டர் நாயர், நடேசன், உஸ்மான் என்று ஜஸ்டிஸ் கட்சித் தலைவர்களின் பெயர்களாகவே இருக்கும். அந்தக் கட்சி சென்னை மாகாணத்தில் ஆட்சி புரிந்த நாளில் உண்டான நகரம் அல்லவா? பாண்டி பஜார் என்பது கூடப் பாண்டிச்சேரியைக் குறிப்பதன்று. சௌந்தரபாண்டிய நாடாரின் பெயரே அப்படிச் சுருங்கியது என்பர். தேசிய நோக்குடையவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. தியாகராயச் செட்டியார் நகரசபைத் தலைவராக இருந்தபோதுதான், 1920-ல், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க நகரசபை தீர்மானித்தது. நல்ல காரியம் எந்தக் கட்சியிலிருந்து வந்தாலும் நல்ல காரியமே.

வேடிக்கை என்னவென்றால், ஜஸ்டிஸ் தலைவர்கள் பெயரிட்ட ஊரில் காங்கிரஸ் தலைவர்கள் குடியேறினார்கள். ராஜாஜி பஸ்லுல்லா சாலையில் வசித்தார். காமராஜர் திருமலைப் பிள்ளை சாலையில் வசித்து, 1975-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தி தினத்தன்று அந்த வீட்டிலேயே கண் மூடினார். ஒன்பது ஆண்டுகள் முதல் மந்திரியாக இருந்தவரின் சாமான்கள் எவ்வளவு கொஞ்சம் என்பதை அங்கே போய்ப் பார்த்துத் தெரிந்து கொள்ள வேண்டும். 1946 ஜனவரியில் மகாத்மா கடைசியாகச் சென்னை வந்தபோது தங்கியதும் இந்நகரில் உள்ள ஹிந்தி பிரசார சபையில்தான்.

இவ்வளவும் பெருமை. இனிச் சொல்லப் போவது வேறு. தியாகராய நகர் இருக்கும் இடத்தில் நூறு வருஷத்துக்கு முன்பு தெருக்கள் இல்லை, ஏரி இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகத் தெற்கே நீண்டு கிடந்த அந்தப் பெரிய ஏரியை 'நெட்டேரி' என்றே சொல்லலாம். 1920-ல் நகர அமைப்புச் சட்டம் பிறந்தது. 1923-ல் ஏரிக்கரையை உடைத்து நீரை வடித்து, ஏறக்குறைய 1,600 ஏக்கரில் மாம்பலம் குடியிருப்புத் திட்டத்தை ஆரம்பித்தார்கள். 1925-ல் லயோலாக் கல்லூரி எழுந்ததும் அந்த ஏரியின் வடபகுதியிலேயே. பெருகி வரும் ஜனங்களுக்கு வீடு வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு செய்த காரியம்தான். ஏரி போயிற்று, பெயர் மாத்திரம் தங்கியிருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரைச் சாலை ஒன்று உண்டு. மேற்கு மாம்பலத்தில் 'ஏரியைப் பார்க்கும் சாலை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் ஒரு சாலை உண்டு. அங்கே நின்று நான்கு பக்கமும் பார்த்தோம். வீடுகளைப் பார்த்தோம், கடைகளைப் பார்த்தோம், ஏரியை மட்டும் பார்க்க முடியவில்லை.

ஆற்றின் இரு கரைகள்

நான்காம் நாள் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினோம். ரயில் மேலே ஓட, கீழே பக்கிங்ஹாம் கால்வாய் கறுத்துக் கிடக்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தப் பகுதியைத் தோண்டியவர்கள் யார் தெரியுமா? 1877–78-ல் தாது வருஷப் பஞ்சத்தில் பசிக்கு ஓடி வந்த ஏழைக் குடியானவர்கள். அரை வயிற்றுக் கூலிக்கு அவர்கள் வெட்டிய கால்வாயில் பல காலம் உப்பும் விறகும் படகில் வந்தன. நாம் அதில் சாக்கடையை விட்டோம். பிறகு ரயிலுக்குத் தூண்களை நட்டோம்.

அடையாற்றின் மீதுள்ள திரு. வி. க. பாலத்தின் நடுவில் நின்று கிழக்கே பார்க்க வேண்டும். அங்கே ஆறு அகன்று கடலில் கலக்கிறது. இரு கரைகளிலும் இரண்டு சரித்திரங்கள்.

வடகரையில் நடந்தது 1746-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதிப் போர். அப்போது கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்திருந்தார்கள். அவர்களைத் துரத்த ஆர்க்காட்டு நவாபின் குமாரர் மாபூஸ்கான் பெருஞ்சேனையுடன் வடகரையில் நின்றார். பத்தாயிரம் பேர் என்கிறார்கள். பாரதி என்னும் பிரெஞ்சு அதிகாரி, ஏறக்குறைய ஆயிரம் பேருடன் ஆற்றைக் கடந்து வந்து, ஒரே நாளில் அந்தச் சேனையைச் சிதற அடித்தார். அந்த அதிகாரியின் பெயர் நம் கவியின் பெயரைப் போல் ஒலிக்கிறதே என்று திகைக்க வேண்டாம். 'பராதி' என்று உச்சரித்தால் குழப்பம் தீரும். ஒழுங்கும் பயிற்சியும் பெற்ற சிறு படை இந்நாட்டின் பெரிய சேனைகளை வெல்ல முடியும் என்று ஐரோப்பியர் கற்றுக் கொண்ட இடம் இது. அந்தப் பாடம் ஆங்கிலேயருக்கும் நன்றாகப் பயன்பட்டது. ஆனால் அந்த ஆயிரம் பேரில் ஐரோப்பியர் நாலில் ஒரு பங்குதான். மற்ற அனைவரும் நம் நாட்டுச் சிப்பாய்கள்! நாட்டின் கதவை வெளியிலிருந்து உடைத்தார்கள் என்று எண்ணுகிறோம். உள்ளேயிருந்தும் கைகள் தாழ்ப்பாளைத் திறந்தன.

தென்கரையில், பாலத்தைக் கடந்தவுடன் பிரம்மஞான சங்கத்தின் தோட்டம். 1882-ல் கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் வாங்கியது. உள்ளே பிரசித்தமான ஆலமரம். அதன் தாய்மரம் 1989-ல் புயற்காற்றில் விழுந்து விட்டது. விழுதுகள் ஊன்றி நின்று மரத்தைக் காத்து வருகின்றன. 1884 டிசம்பரில் இந்தச் சங்கத்தின் மகாநாட்டுக்கு வந்தவர்களில் பதினேழு பேர், திவான் பகதூர் ரகுநாத ராவ் வீட்டில் கூடித் தேசத்துக்கு ஒரு மகாசபை வேண்டும் என்று ஆலோசித்ததாக அன்னி பெஸண்ட் அம்மையார் எழுதி வைத்திருக்கிறார். மறு வருஷம் பம்பாயில் காங்கிரஸ் பிறந்தது. அந்த அம்மையாரே 1916-ல் அடையாற்றிலிருந்து சுயாட்சிக் கிளர்ச்சியை நடத்தி, 1917-ல் காவலில் வைக்கப்பட்டு, அதே வருஷம் காங்கிரஸ் தலைவியானார். ஒரு கரையில் திறந்த அடிமைக் கதவை மூடுவதற்கு எதிர்க்கரையில் ஆள் சேர்ந்தது.

அடையாறு பெண்மணிகளின் ஊர் என்று சொன்னாலும் தகும். காந்திஜியைச் சிறை செய்ததை எதிர்த்து 1930-ல் சட்டசபைப் பதவியை உதறிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், அதே வருஷம் அனாதைப் பெண்களுக்கு அவ்வை இல்லத்தைத் தோற்றுவித்தார். 1954-ல் புற்றுநோய் வைத்தியசாலை அவர் முயற்சியால் இங்கே திறக்கப்பட்டது. ருக்மிணி தேவி 1936-ல் கலாக்ஷேத்திரத்தை ஆரம்பித்ததும் அடையாற்றில்தான். பின்னர் அது திருவான்மியூருக்குச் சென்றது.

மறுபடியும் ஆற்றைப் பார்ப்போம். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் இந்த ஆற்றில் வந்தது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எங்கும் வெள்ளம். ஏரிகள் இருந்த இடமெல்லாம் வீடுகள்; நீருக்குத் தங்க இடமில்லாமல் அது மாடிப்படி ஏறி வந்தது. அன்று கடற்கரைக் குப்பத்து மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டு வந்து ஜனங்களைக் காப்பாற்றினார்கள். நான்கே வருஷம் கழித்து, 2019 கோடையில், குடிநீர் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வர வேண்டியதாயிற்று. ஒரு வருஷம் வெள்ளத்தில் மிதப்பதும் ஒரு வருஷம் குடத்தைத் தூக்கி அலைவதுமான ஊர், மழை இல்லாத ஊர் அல்ல; மழையை வைத்துக் கொள்ளத் தெரியாத ஊர்.

ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கினார்கள். குப்பை மேடாகிப் போயிருந்த அடையாற்றுக் கழிமுகத்தின் ஒரு பகுதியைத் திருத்தி, 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்காவை 2011-ல் திறந்தார்கள். நீர் வந்ததும் பறவைகளும் வந்தன. வற்றிக் கிடந்த மயிலைத் தெப்பக்குளத்துக்கும் தெருவில் விழும் மழையைத் திருப்பி விட்டதனால் நீர் சேர்ந்தது. உடைத்த கைகளே கட்டவும் கூடும் என்பதற்கு இவை அத்தாட்சி.

சென்னையை வெள்ளைக்காரர் உண்டாக்கினார்கள் என்று சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது; பொறுப்பு நம்முடையதல்ல என்று இருந்து விடலாம். தெற்கே நான்கு நாள் நடந்தவர்களுக்கு அந்தச் சௌகரியம் கிட்டாது. மயிலையை வளர்த்தவர்கள் நாம்; அடையாற்றங்கரையில் அந்நியனுக்காகத் துப்பாக்கி பிடித்தவர்கள் நாம்; ஹர்த்தால் செய்து அவனை அசைத்தவர்களும் நாம். ஏரியை உடைத்தவர்கள் கூட நாம்தான். இனி மிஞ்சியிருக்கும் ஆற்றையும் குளத்தையும் காப்பதற்கு வேறு யாரும் கப்பலில் வரப் போவதில்லை.

இதை நேயர்கள் நம் சொல்லை நம்பி ஏற்க வேண்டாம். நாலு நாள் ஒழித்துக் கொண்டு, நல்ல செருப்பாகப் பார்த்து மாட்டிக் கொண்டு, தனியாகவே வந்து பார்க்கட்டும். மார்கழியில் வந்தால் வெயிலும் உறைக்காது, பாட்டும் கிடைக்கும்.